கட்டைவிரலைக் கீழே காட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தப் பக்கத்தில் ஒரு கட்டுரையை மறுத்து எழுதுகிறவர் பெயரும் ஊரும் போட்டு, எந்தக் கருத்து தவறு, ஏன் தவறு என்று நான்கு வரியாவது எழுதியாக வேண்டும். இணைய விவாதக் களங்களில் அதே மறுப்புக்கு ஒரு பொத்தான் போதும். டிஸ்லைக் என்கிறோம், டவுன்வோட் என்கிறோம், தமிழில் எதிர்வாக்கு. அழுத்தியவர் பெயர் தெரியாது, காரணம் தெரியாது, அரை நொடியில் முடிந்துவிடும். அந்தப் பொத்தான் தேவையானதுதான். விளம்பரக் குப்பையையும் ஆபத்தான மருத்துவக் குறிப்பையும் தலைப்புக்குத் தொடர்பில்லாத புலம்பலையும் பத்துப் பேர் சேர்ந்து கீழே தள்ள அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் பலரும் அதைக் கோபம் வந்தால் அழுத்தும் பொத்தானாகவே வைத்திருக்கிறார்கள். எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது, அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் ஒன்று. எல்லாத் தளங்களிலும் அந்தப் பொத்தானுக்கு ஒரே பொருள் இல்லை. 2005இல் தொடங்கிய விவாதத் தளமான ரெடிட்டின் நடத்தைக் குறிப்பு, உரையாடலுக்கு எதையும் சேர்க்காத பதிவுக்குத்தான் எதிர்வாக்கு, கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் போடாதீர்கள் என்கிறது. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலின் பக்கத்திலுள்ள கீழ் அம்பின்மேல் சுட்டியை வைத்தால், இந்தப் பதில் பயன்படவில்லை என்று பொருள் தரும் குறிப்பு தெரியும். கேள்வியின் அம்புக்கு வேறு குறிப்பு: தேடிப் பார்த்த அடையாளம் இல்லை, தெளிவில்லை, பயனில்லை. தொழில்நுட்பச் செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளம் போன வழியே வேறு. 2007இல் அதைத் தொடங்கிய பால் கிரகாம், உடன்பாட்டையும் மறுப்பையும் அம்புக்குறியால் காட்டுவதில் தவறில்லை என்று அடுத்த ஆண்டே எழுதிவிட்டார். ஆகவே ஒரு களத்தில் மரியாதையாக இருப்பது இன்னொன்றில் அத்துமீறலாகிவிடும். புதிய குழுவில் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பொத்தானுக்கு அங்கே என்ன பொருள் என்று விதிகளில் தேடிப் படிப்பது. இரண்டு நிமிட வேலைதான். கணினியில் சுட்டியை அதன்மேல் நிறுத்திப் பார்த்தாலே பல இடங்களில் விளக்கம் தெரிந்துவிடும்.

பொத்தானை யார் தொடலாம் என்பதிலும் இந்தத் தளங்கள் கவனமாக இருந்திருக்கின்றன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஆதரவு வாக்குப் போட 15 மதிப்புப் புள்ளிகள் போதும், எதிர்வாக்குப் போட 125 வேண்டும். ஒரு பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 புள்ளி குறையும். கேள்விக்குப் போட்டால் போட்டவருக்கு இழப்பில்லை. பதில் எழுதுகிறவர் உழைத்து எழுதியிருக்கிறார், அதைத் தள்ளுகிறவர் தன் பையிலிருந்தும் ஒரு காசு எடுத்து வைக்கட்டும் என்ற கணக்கு இது. எனக்கு மிகவும் பிடித்த விதி. ஹேக்கர் நியூஸில் 501 புள்ளி சேரும் வரை கீழ் அம்பே கண்ணுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட தடை எதுவும் இல்லாத குழுக்களில் அந்தத் தடையை நாமே நமக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, அழுத்தியதும் உள்ளே நடப்பது. ஒரு வாக்கு என்பது எண்ணிக்கையில் ஒன்று குறைவது மட்டும் என்று நினைக்கிறோம். அந்த எண்ணை வைத்துத்தான் தளம் எதை மேலே காட்டுவது, எதைச் சுருட்டி மறைப்பது என்று தீர்மானிக்கிறது. பின்னூட்டங்களைச் ‘சிறந்தவை’ என்று வரிசைப்படுத்த ரெடிட் 2009இல் எடுத்துக்கொண்டது வில்சன் கணக்கு என்னும் புள்ளியியல் முறை. இதுவரை விழுந்த வாக்குகளை வைத்து, உண்மையான ஆதரவு விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று அது மதிப்பிடுகிறது. 95 சதவீத நம்பிக்கை அளவில் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆதரவு வாக்கு மட்டும் உள்ள பின்னூட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 34 சதவீதம். அதில் ஒரே ஒரு எதிர்வாக்கு விழுந்தால் 21 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 90 ஆதரவும் 10 எதிர்ப்பும் பெற்ற பின்னூட்டத்தில் இன்னொரு எதிர்வாக்கு விழுந்தால் 82.6இலிருந்து 81.5க்குத்தான் வரும். அதே விரல், அதே அழுத்து. ஒன்றில் 13 புள்ளி போகிறது, மற்றதில் ஒரு புள்ளிதான். அதனால்தான் பதிவு வந்த முதல் சில நிமிடங்களில் போடும் எதிர்வாக்கு கல்லெறிவதற்குச் சமம். அரை மணி நேரமாவது பொறுக்கலாம். நல்ல பதிவாக இருந்தால் அதற்குள் அதைப் படித்து ஆதரிக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். மோசமானதாக இருந்தால் உங்கள் வாக்கு தாமதமாக விழுந்தாலும் வேலை செய்யும்.

முன்னால் விழுந்த வாக்கு பின்னால் வருகிறவரின் கண்ணையும் மாற்றுகிறது. 2013இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் முச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதங்களில் வந்த 1,01,281 பின்னூட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு எழுதியவுடன் ஒரு போலி ஆதரவு வாக்கும், சிலவற்றுக்கு ஒரு போலி எதிர்வாக்கும், மற்றவற்றுக்கு எதுவுமின்றியும் விட்டார்கள். ஆதரவு வாக்குப் பெற்றதை முதலில் பார்த்தவர் தானும் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது, இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. எதிர்வாக்கு விழுந்தவற்றைப் பிறர் இரக்கப்பட்டு ஆதரித்துச் சரிக்கட்டிவிட்டார்கள். அந்தத் தளத்தில் அப்படி. எல்லாக் குழுவிலும் இரக்கம் உள்ளவர்கள் வந்து நிமிர்த்துவார்கள் என்று நம்பி உட்கார முடியாது. சிறு குழுவில் மைனஸ் மூன்றைப் பார்த்தவர் படிக்காமலே நான்காவதைப் போட்டுவிட்டுப் போவார்.

எதிர்வாக்கு வாங்கியவர் திருந்துவார் என்ற எண்ணமும் சரியில்லை. நான்கு பெரிய செய்தித் தளங்களின் பின்னூட்டங்களை ஆராய்ந்து 2014இல் செங், தனெஸ்கு நிகுலெஸ்கு மிசில், லெஸ்கோவெக் ஆகியோர் எழுதிய கட்டுரை, எதிர்மதிப்பு பெற்றவர்கள் அதன் பிறகு இன்னும் அதிகமாக எழுதினார்கள், எழுத்தின் தரம் இறங்கியது, பிறருக்கு அவர்கள் போடும் மதிப்பும் கடுமையானது என்று காட்டியது. அடித்தால் அடங்குவதற்குப் பதிலாக அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். காரணம் சொல்லாத தண்டனையில் கற்றுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

சில இடங்களில் எதிர்ப்பைக் காட்டுவதே எதிராளிக்கு உதவியாகிவிடும். ஃபேஸ்புக் 2016 பிப்ரவரியில் கோபம், சோகம், சிரிப்பு முதலிய முகக்குறிகளைக் கொண்டுவந்தது. 2017 முதல் ஒரு கோபக் குறிக்கு ஐந்து லைக்குகளின் எடையைக் கொடுத்து, அந்தப் பதிவை இன்னும் பலருக்குக் காட்டியது என்பது 2021இல் வெளிவந்த உள் ஆவணங்களில் தெரிந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து 2020இல் அந்த எடையைச் சுழியமாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வதந்தியைப் பார்த்துக் கோபக் குறி போட்ட நல்லவர்கள் எல்லோரும் அந்த வதந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்கள்தான், தெரியாமலே. யூடியூபிலோ 2021 நவம்பர் முதல் டிஸ்லைக் எண்ணிக்கை பொதுப் பார்வைக்கு இல்லை; வீடியோ போட்டவருக்கு மட்டும் தெரியும். சிறு சேனல்களைக் குறிவைத்துக் கூட்டமாக டிஸ்லைக் போடுவதைத் தடுக்கவே இது என்றது நிறுவனம். இப்படிப்பட்ட வீடியோ இனி என் கண்ணில் படக்கூடாது என்று டிஸ்லைக் அழுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: மொசில்லா அறக்கட்டளை 2022இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்களின் உலாவிகள் வழியாகச் சோதித்தபோது, டிஸ்லைக் தடுத்தது வேண்டாத பரிந்துரைகளில் 12 சதவீதத்தை மட்டும். ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்ற தெரிவு 43 சதவீதத்தைத் தடுத்தது. அது மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது, தேடி அழுத்த வேண்டும்.

சரி, ஒரு பதிவைப் பார்த்ததும் விரல் துறுதுறுக்கிறது. என்ன செய்வது?

முழுவதும் படிக்க வேண்டும். ‘மேலும் படிக்க’ என்று மடிந்திருந்தால் அதையும் திறந்து படிக்க வேண்டும். முதல் பத்தியில் எதிர்க்கட்சியின் வாதத்தைச் சொல்லிவிட்டு இரண்டாம் பத்தியில் அதை உடைக்கிற பதிவுகள் நம் மொழியில் ஏராளம். பாதியில் அழுத்தினால் நம் கட்சிக்காரரையே தள்ளியிருப்போம். படித்தபின், இதில் எனக்கு என்ன குறை என்று ஒரு சொல்லில் பெயர் வைத்துப் பாருங்கள். வசை, மிரட்டல், சாதிப் பெயர் சொல்லி இழிவு, அடுத்தவரின் தொலைபேசி எண் போன்றவையா? அதற்கு எதிர்வாக்கு போதாது, ‘புகார் செய்’ என்பதை அழுத்த வேண்டும். எதிர்வாக்கு அதைக் கீழே தள்ளும், ஆனால் மட்டுறுத்துநருக்கு, அதாவது குழுவைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துகிறவருக்கு, செய்தி போகாது. மைனஸ் இருபதுடன் அந்தத் தொலைபேசி எண் அங்கேயே கிடக்கும். தகவல் பிழையா? சரியான தகவலையும் அது எங்கே கிடைக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு எதிர்வாக்குப் போடலாம். ஏற்கெனவே வேறொருவர் அந்தத் திருத்தத்தை எழுதியிருந்தால் திரும்ப எழுதத் தேவையில்லை, அவர் எழுதியதை ஆதரித்தால் அது மேலே ஏறும். தலைப்புக்குச் சம்பந்தமில்லாததா, ஏற்கெனவே மூன்று பேர் சொன்னதையே திரும்பச் சொல்வதா? தயங்காமல் எதிர்வாக்குப் போடலாம், பொத்தான் இருப்பதே அதற்குத்தான். இவை எதுவும் இல்லை, கருத்துதான் எனக்கு ஒப்பவில்லை என்றால் விரலை எடுத்துவிடுங்கள். மறுத்து எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் கடந்து போங்கள். நன்றாக வாதாடியிருக்கிற எதிர்த்தரப்புப் பதிவை ஆதரிப்பதும் நாகரிகம்தான். அந்த வாதம் மேலே இருந்தால்தானே அதற்கு நல்ல பதில் வரும்.

ஒருவரோடு நேரடியாக விவாதித்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு எதிர்வாக்குப் போடக் கூடாது. இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும். ஆட்டக்காரரே நடுவராகவும் நிற்க முடியாதல்லவா. ஸ்லாஷ்டாட் என்ற பழைய தொழில்நுட்பச் செய்தித் தளம் இதை விதியாகவே வைத்தது: ஒரு விவாதத்தில் மதிப்பெண் போட்டவர் அதே விவாதத்தில் கருத்து எழுதினால், அவர் போட்ட மதிப்பெண்கள் ரத்தாகிவிடும். அங்கே மதிப்பெண் போடும் பொறுப்பு சுழற்சி முறையில் வரும், கையில் சில புள்ளிகள்தான் இருக்கும். ஒவ்வொன்றைப் போடும்போதும் ‘தகவல் உள்ளது’, ‘தலைப்புக்கு வெளியே’, ‘சண்டை மூட்டுவது’, ‘கூறியது கூறல்’ என்பது போல ஒரு காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ‘உடன்பாடில்லை’ என்ற காரணம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

செய்யவே கூடாதவை சில உண்டு. ஒருவர் எழுதிய ஒரு பதிவு பிடிக்காமல் அவருடைய பக்கத்துக்குப் போய் பழைய பதிவுகளுக்கெல்லாம் வரிசையாக எதிர்வாக்குப் போடுவது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதைக் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டுவிடும் தானியங்கிச் சோதனை இருக்கிறது. சாதாரணக் குழுக்களில் இல்லை, அங்கே அவர் அமைதியாக வெளியேறிவிடுவார். இன்னொன்று, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘எல்லோரும் போய்த் தள்ளுங்க’ என்று ஆள் திரட்டுவது. ரெடிட்டில் இதற்குக் கணக்கையே முடக்குவார்கள். இரண்டு மூன்று கணக்கு வைத்துக்கொண்டு தானே பலமுறை போடுவதும் இதே வகைதான். புதிதாக வந்தவரின் முதல் கேள்விக்குச் சொல் இல்லாமல் எதிர்வாக்குப் போடுவதை இவற்றோடு சேர்க்க மாட்டேன், ஆனால் அதனால் வரும் சேதம் பெரியது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி என்று கேட்டு ஒரு வரி எழுதினால் அந்தக் கேள்வியே நல்ல கேள்வியாக மாறும். அவர் திருத்தி எழுதிய பிறகு திரும்பி வந்து உங்கள் வாக்கை எடுத்துவிடவும் வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வாக்குப் போட்டுச் சில நிமிடங்களில் பூட்டிக்கொள்ளும், பதிவு திருத்தப்பட்டால்தான் மறுபடி திறக்கும். திருத்தியவருக்கு மரியாதை செய்யவே அந்த ஏற்பாடு. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவின் கதை வேறு. 2022இல் அங்கே முகக்குறி எதிர்வினை வந்தபோது முதலில் கொடுத்த ஆறு குறிகளில் கீழ்நோக்கிய கட்டைவிரல் இல்லை, பிறகுதான் எல்லாக் குறிகளையும் திறந்துவிட்டார்கள். அங்கே யார் போட்டது என்று பெயரோடு தெரியும். பெரியப்பா அனுப்பிய பழைய வெள்ளப் படத்துக்கு அண்ணன் பிள்ளை கட்டைவிரலைக் கீழே காட்டினால், சொந்தங்கள் அத்தனை பேர் முன்னால் அவரைக் கைநீட்டிச் சொன்னது போலாகும். தனியே ‘பெரியப்பா, இது பழைய படம், குரூப்ல இருந்து எடுத்துடுங்க’ என்று அனுப்பினால் படமும் போகும், அவர் முகமும் வாடாது.

எதிர்வாக்கு வாங்கியவருக்கும் முறை உண்டு. ‘யார் போட்டது, தைரியம் இருந்தால் சொல்’ என்று எழுதுவது வாங்கியதை இரட்டிப்பாக்கும் வழி. வாக்குகளைப் பற்றிப் பின்னூட்டம் எழுதாதீர்கள், அதனால் ஒருபோதும் நன்மை விளைவதில்லை என்று ஹேக்கர் நியூஸ் தன் வழிகாட்டுதலிலேயே சொல்லிவைத்திருக்கிறது. மைனஸ் ஒன்று, இரண்டு எல்லாம் தற்செயல். கைப்பேசியை நகர்த்தும்போது விரல் பட்டுக்கூட விழும். ஒரு நாள் விட்டுவிட்டு, பதிவைப் பிறர் எழுதியது போல நினைத்துப் படித்துப் பாருங்கள். சான்று இல்லாத இடம், கிண்டலாக எழுதியது நேர்ப்பொருளில் விளங்கிவிட்ட இடம் எதுவென்று தெரியும். அங்கே திருத்தி, ‘திருத்தம்’ என்று குறிப்புப் போடுங்கள். பதிவை அழித்துவிட்டால் அதற்குக் கீழே உழைத்து எழுதியவர்களின் பதில்கள் தலையில்லா முண்டமாகிவிடும்.

குழு நடத்துகிறவர்களின் கையில்தான் இதில் பெரும்பகுதி இருக்கிறது. ரெடிட்டில் புதிய பின்னூட்டங்களின் மதிப்பெண்ணை அதிகபட்சம் 1,440 நிமிடம், அதாவது ஒரு நாள் வரை, மறைத்துவைக்க மட்டுறுத்துநருக்கு வசதி உண்டு. விவாதம் சூடாகும் குழுக்களில் இரண்டு மணி நேரமாவது மறைத்துவைப்பது நல்லது. முன்னால் விழுந்த வாக்கைப் பார்த்துத் தானும் போடும் மந்தைப் போக்கு பெருமளவு அடங்கும். டிஸ்கோர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் களம் அமைத்தால் இயல்பாக லைக் மட்டுமே இருக்கும், கூடவே புகார்க் கொடி. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட், எதிர்வாக்கு வைத்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் உருவாக்கியவர்களில் ஒருவர். பதில் தேடும் இடத்துக்கு எதிர்வாக்கு வேண்டும், பேசிப் பழகும் இடத்துக்கு வேண்டாம் என்ற பாகுபாட்டை அங்கே பார்க்கிறேன். லெஸ்ராங் என்ற விவாதத் தளம் 2022இல் செய்ததுதான் எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான தீர்வு. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் இரண்டு தனி அளவு: இது நல்ல பங்களிப்பா என்பது ஒன்று, இதை நான் ஏற்கிறேனா என்பது மற்றொன்று. ‘அருமையாக எழுதியிருக்கிறார், ஆனால் ஏற்கவில்லை’ என்று வாக்காலேயே சொல்லிவிடலாம்.

நமக்கு இந்த நுணுக்கம் புதிதும் இல்லை. ஒரு நூல் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் விதங்களை நன்னூல் ஏழு மதங்களாக, அதாவது கொள்கைகளாக, பிரித்திருக்கிறது. உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக் காட்டுவது, எதனோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்வது. மறுத்தலும் குற்றங்காட்டலும் அங்கே இரு வேறு செயல்கள். அவற்றை ஒரே கட்டைவிரலில் போட்டுக் குழப்பியது இந்தக் காலத்துத் திரை. தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில் இன்றும் ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்ற வார்ப்புருவை இட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பமிடுவதைப் பார்க்கலாம். அங்கே வெறும் எண்ணிக்கையைவிடக் காரணத்துக்குத்தான் மதிப்பு.

கடைசியாக, தமிழில் இடைமுகம் அமைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொத்தானின் மேல் எழுதும் சொல்லைப் பொறுத்துத்தான் விரல் நடந்துகொள்ளும். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதினால் மனநிலையைக் கேட்கிறோம், ‘உடன்பாடில்லை’ என்றால் நிலைப்பாட்டை, ‘பயனில்லை’ என்றால் தரத்தை. வரிசைப்படுத்தும் கணக்கில் சேரும் பொத்தானுக்குப் ‘பயனில்லை’ என்பதே பொருந்தும். ‘உடன்பாடில்லை’யும் வேண்டுமானால் தனியே வைத்து, வரிசையைத் தொடாமல் எண்ணிக்கை மட்டும் காட்டுங்கள். அதை அழுத்துகிறவருக்குக் காரணம் எழுத ஒரு சிறு பெட்டி உடனே திறக்கட்டும், இருநூறு எழுத்து போதும். தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பில் இதைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையக் குழுக்களில் மட்டுறுத்துநராகப் பணியாற்றும் வாசகர்